நிற்கும் நேரத்துக்கு ஒரு பை

ஒஸ்லோவில் பனி விழுந்து ஒழுங்காகப் படிந்ததும், ஊரிலிருந்து புதிதாக வந்த இளையவர்களிடமிருந்து எனக்கு போன் வரத் தொடங்கும். "அண்ணா, சனிக்கிழமை ஸ்கீ போவம் எண்டு இருக்கிறம். என்ன உடுப்புப் போடவேணும்?" கேள்வி எப்போதும் உடுப்பைப் பற்றித்தான். பையில் என்ன வைக்கவேண்டும் என்று கேட்டவர்கள் அபூர்வம். குளிர் என்றால் நமக்கு உடுப்புத்தான் ஞாபகம் வரும். இரண்டு ஸ்வெற்றர், அதற்குமேல் ஒரு தடித்த ஜக்கெற், சரி, விஷயம் முடிந்தது.

நான் சொல்வது இதற்கு நேர்மாறு. போடுவதைக் குறையுங்கள், கொண்டுபோவதைக் கூட்டுங்கள்.

ஸ்கீ என்றதும் பலர் மனதில் வருவது செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிற படம். அதில் மேலே ஏறுவதற்கு லிப்ற் இருக்கிறது. லிப்றில் சும்மா உட்கார்ந்து காற்று வாங்கவேண்டியிருப்பதால் அவர்களுக்குத் தடித்த ஜக்கெற் சரி. நான் சொல்வது காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக 15, 20 கிலோமீற்றர் போகிற நெடுந்தூர ஸ்கீ. இதில் ஏறுவதும் நாம்தான், இறங்குவதும் நாம்தான். கால் மட்டுமல்ல, இரண்டு கையிலும் தடி இருப்பதால் தோள், முதுகு, வயிறு எல்லாம் வேலை செய்யும். மைனஸ் 10இல் ஓர் ஏற்றம் ஏறி முடித்து முதுகுப்பையை இறக்கிப் பாருங்கள், முதுகிலிருந்து புட்டுக்குழலில் வருகிறமாதிரி ஆவி பறக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை குளிர் ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் நிற்கும்போதுதான் தொடங்குகிறது. உடம்பு வெப்பம் உண்டாக்குவதைச் சட்டென்று குறைத்துவிடும். ஆனால் உடுப்பில் ஊறின வியர்வை அங்கேயே இருக்கும், உலரும்போது உடம்பிலிருந்துதான் சூட்டை எடுக்கும். ஐந்தே நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். இறக்கமும் கிட்டத்தட்ட நிற்பதுதான். காலும் கையும் ஓய்ந்திருக்க, காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். மைனஸ் 10இல் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால், காற்றே இல்லாத நாளிலும் மூடாத தோலுக்கு அது மைனஸ் 20இன் குளிர். ஆகவே என் பையில் இருக்கிற பெரும்பாலான சாமான் ஓடுகிற நேரத்துக்கானது அல்ல. அது நிற்கிற நேரத்துக்கானது. சாப்பிட நிற்பது, சினேகிதர் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பது, தடி உடைந்து நிற்பது, வழிப்பலகை முன்னால் நின்று இடமா வலமா என்று விவாதிப்பது. ஒரு சாமானை எடுப்பதா விடுவதா என்று சந்தேகம் வந்தால், அசையாமல் அரைமணித்தியாலம் நிற்கவேண்டி வந்தால் இது உதவுமா என்று கேட்டுப்பார்ப்பேன். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. முதலாம் இலக்க மெற்றோவில் ஏறினால் 469 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஃப்ரொங்னர்சேத்தரனில் இறக்கிவிடும். 1898இல் தொடங்கிய பாதை அது. 1916இல் அந்த உச்சிவரை நீட்டினார்கள். ஸ்கீக்குத் தனி ரிக்கற் கிடையாது. சனிக்கிழமை காலையில் பெட்டி முழுக்க ஸ்கீயும் தடியும் நாயும் பிள்ளைகளும்தான். அங்கே இறங்கும் சனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அனுபவப்பட்டவர்கள் மெல்லிய உடுப்பில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒரு கதையும் இல்லாமல் அவசரமாகப் புறப்படுவார்கள். புதியவர்கள் நன்றாகப் போர்த்துக்கொண்டு நின்று படம் எடுப்பார்கள். முதல் ஏற்றத்திலேயே இரண்டாவது கூட்டம் நின்று, கழற்றி, பையில் திணிக்க இடம் தேடும். அதற்குள் உள்ளே நனைந்திருக்கும். புறப்படும்போது கொஞ்சம் குளிரவேண்டும். குளிராவிட்டால் ஏதோ ஒன்று கூடப் போட்டிருக்கிறீர்கள்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலோடு ஒட்டிக் கம்பளி, அதற்குமேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜக்கெற். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. பருத்தி அப்படி இல்லை. நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், காயாது. ஆகவே ஜீன்ஸ், ரீசேட் ரெண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வலைப் பெனியன். 1933இல் ஹென்றிக் ப்ரூன் என்ற நோர்வேக்காரர் மீன்வலையிலிருந்து தொடங்கிய யோசனை அது. வலையின் ஓட்டைகளில் காற்று தங்கும், ஈரம் தோலில் நில்லாமல் வெளியே போகும். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் சிரிப்பு வரும், அது உண்மைதான்.

இனிப் பை. 20, 25 லீற்றர் போதும். அகலமான பை வேண்டாம், தடி ஊன்றும்போது முழங்கை இடிக்கும். ஒடுங்கி, முதுகோடு ஒட்டி, நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டி இருக்கவேண்டும். இரண்டு தடியையும் சேர்த்து ஊன்றித் தள்ளும்போது நாம் முன்னால் குனிகிறோம். பட்டி இல்லாத பை அந்த நேரத்தில் பிடரியில் வந்து அடிக்கும். சிப் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் கையுறையோடு திறக்கமுடியாத சிப் மைனஸ் 12இல் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பையின் மேலே, திறந்ததும் கைக்கு வருகிறமாதிரி, நிற்கும்போது போடுகிற ஜக்கெற். இது போட்டிருக்கும் உடுப்புக்கெல்லாம் மேலாகப் போடவேண்டியது, ஆகவே ஓர் அளவு பெரிதாக, தொப்பியோடு வாங்குங்கள். இறகு அடைத்தது எடை குறைவு, நல்ல சூடு. ஆனால் நனைந்தால் சப்பையாகிவிடும். நம் முதுகிலிருந்து கிளம்புகிற ஆவி அதற்குள்தான் போகப்போகிறது என்பதால், காட்டுக்குள் போகிற நாட்களுக்குச் செயற்கை நார் அடைத்ததையே நான் எடுப்பேன்.

அந்த ஜக்கெற்றை எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் நிற்பார்கள், ஸ்கீயைக் கழற்றுவார்கள், கோப்பி ஊற்றுவார்கள், ஒருவாய் குடிப்பார்கள், அப்புறம் குளிருகிறதே என்று ஜக்கெற்றைத் தேடுவார்கள். அதற்குள் சூடு போய்விட்டது. ஜக்கெற் இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, புதிதாகச் சூடு தராது. என் ஒழுங்கு வேறு. நின்றதும் பையை இறக்கு, ஜக்கெற்றைப் போட்டு சிப்பைக் கழுத்துவரை இழு. ஈரத் தொப்பியை ஜக்கெற்றுக்குள் செருகிவிட்டுக் காய்ந்த தொப்பியைப் போடு. ஓடும்போது போட்ட மெல்லிய கையுறையை வயிற்றோடு ஒட்டி வைத்துவிட்டு, பெரிய கம்பளிக் கையுறையை மாட்டு. விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கிற வகை அது, தனித்தனி விரலுள்ள கையுறையைவிட எத்தனையோ மடங்கு சூடு. உட்காரும் பாயை விரி. இவ்வளவும் இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கவேண்டும். சினேகிதர்கள் "இவ்வளவு அவசரமா?" என்று சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள்தான் எழும்பி நின்று காலை உதறுவார்கள்.

உட்காரும் பாய் என்றேன். அது நுரைத்துண்டு ஒன்று, மடித்தால் ஒரு கொப்பி அளவு, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. நோர்வேயில் பாலர் பாடசாலைப் பிள்ளையின் பையிலும் அது இருக்கும். பனிக்கு மேல் இருந்தால் சூடு கீழால்தான் முதலில் போகும். பையின் முதுகுப் பக்கமாக உள்ளே செருகி வைத்தால், தெர்மோஸின் விளிம்பு முதுகில் குத்தாமலும் காக்கும். விலைக்கும் எடைக்கும் கணக்குப் பார்த்தால் பையில் இதற்கு ஈடான சாமான் கிடையாது.

சாப்பாட்டுக்கு வருவோம், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நோர்வேக்காரரின் பொதி எளிமையானது. பாண் துண்டு, அதன்மேல் சீவின பழுப்புச் சீஸ், துண்டுகள் ஒட்டாமல் இருக்க இடையில் ஒரு தாள். கூடவே ஒரு தோடம்பழம், ஒரு க்விக் லுன்ஷ் சொக்லேற். ஃப்ரையா நிறுவனம் 1937இல் கொண்டுவந்த அந்த சொக்லேற், நான்கு விரலாக உடைக்கக்கூடிய பிஸ்கற் வகை. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடு போட்ட தாளில் வரும். இது விளம்பரத்தால் மட்டும் நிலைத்தது இல்லை. குளிரில் கட்டிச் சொக்லேற் பல்லுக்குச் சவால் விடும். நடுவில் மெல்லிய பிஸ்கற் இருப்பதால் இது எந்தக் குளிரிலும் கடிபடும்.

நம் சாப்பாட்டில் எது பொருந்தும் என்று நான் பல குளிர்காலமாகப் பரிசோதித்து வருகிறேன். ரோல்ஸும் பற்றீஸும் வீட்டில் ராசாக்கள், காட்டில் தோல்வி. எண்ணெய் உறைந்து மேல்தோல் மெழுகு பூசினதாகிவிடும். புட்டு உதிரும், கையுறையோடு சாப்பிட ஏலாது. சோற்றுப் பொதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சீனிச்சம்பல் பூசின பாண் மிக நன்று. இனிப்பும் உறைப்புமாக, ஆறிப்போனாலும் ருசி குறையாது. பக்கத்தில் இருக்கிற நோர்வேக்காரர் மணத்தில் திரும்பிப் பார்ப்பார், ஒரு துண்டு கொடுத்தால் நண்பராகிவிடுவார். ஆனால் பட்டம் எள்ளுப்பாகுக்குத்தான். எள்ளும் உழுத்தம்மாவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து உருட்டின அந்த உருண்டை மைனஸ் 15இலும் கடிபடும். எண்ணெயும் இனிப்பும் சேர்ந்திருப்பதால் சின்ன உருண்டைக்குள் நிறையச் சக்தி. இடுப்புப் பட்டியில் இருக்கும் சின்னப் பொக்கற்றில் இரண்டு போட்டுக்கொண்டால் நிற்காமலே வாயில் போடலாம். பசி வருமுன் சாப்பிடவேண்டும் என்பது இந்த விளையாட்டில் முக்கியம். சக்தி தீர்ந்துபோனவருக்குக் கால் மட்டுமல்ல, மூளையும் ஓயும். எரிச்சல் வரும், வழி மாறும், குளிரும் கூடத் தெரியும். பாணை ஜக்கெற்றுக்குள் சுருட்டிப் பையின் நடுவில் வையுங்கள், உறையாது. வாழைப்பழம் வேண்டாம். கறுத்து, விறைத்து, இளகியபின் களியாகும்.

தெர்மோஸில் கொதிதண்ணி ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு தேத்தண்ணி ஊற்றவேண்டும். குளிர்ந்த போத்தலில் நேரே ஊற்றினால் போத்தலைச் சூடாக்கவே கொஞ்சச் சூடு போய்விடும். வாய்வரை நிரப்புங்கள், பாதி நிரப்பின தெர்மோஸ் கெதியாக ஆறும். சிலர் கோப்பி கொண்டுவருவார்கள், சிலர் சூடான ப்ளாக்கரண்ட் பானம். நான் இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணி. வீட்டில் தடிமன் வந்தால் குடிக்கிற கஷாயம்தான், ஆனால் காட்டுக்குள் அதற்கு வேறு மரியாதை. சாதாரணத் தண்ணியும் வேண்டும். குளிரில் தாகம் தெரியாதே தவிர வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். இளஞ்சூடாக நிரப்பி, போத்தலைத் தலைகீழாகப் பையில் வைத்தால், ஐஸ் பிடித்தாலும் அடிப்பக்கம்தான் பிடிக்கும், மூடி திறக்கும். குழாய் வைத்து உறிஞ்சுகிற பைகள் கோடைக்கு. குழாயில் நிற்கும் தண்ணி முதலில் உறைந்துவிடும்.

நூர்மார்க்கா காட்டுக்குள் ஆங்காங்கே விடுதிகள் இருக்கின்றன, உல்லெவோல்சேத்தர் அதில் பிரபலம். ஃப்ரொங்னர்சேத்தரனில் தொடங்கி, அங்கே வாஃபிள் சாப்பிட்டு, சொங்ஸ்வான் ஏரிப் பக்கமாக இறங்கி ஐந்தாம் இலக்க மெற்றோவைப் பிடிப்பது தொடக்கக்காரருக்கு அருமையான பாதை. மொத்தத்தில் ஏறுவதைவிட இறங்குவது கூட. ஸ்கீ பாதையின் பலகைகள் சிவப்பு, கோடை நடைபாதையின் அடையாளம் நீலம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி விவாதம் குறையும். விடுதி இருக்கிறதே, சாப்பாடு எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா விடுதியும் எல்லா நாளும் திறப்பதில்லை, திறந்த நாளில் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். வரிசையில் நிற்பதும் நிற்பதுதான்.

ஸ்கீயின் அடிப்பக்கம் ஒரு தனி உலகம். காலடிக்குக் கீழே இருக்கும் நடுப்பகுதி வில்லாக மேலே வளைந்திருக்கும். எடையை ஒரு காலில் போட்டு மிதித்தால் அது பனியைத் தொட்டுப் பிடிக்கும், வழுக்கும்போது தொடாது. பிடிப்பதற்காக அங்கே பூசுகிற மெழுகு அன்றைய பனிக்குப் பொருந்தவேண்டும். பனித்துகளின் கூர் மெழுகுக்குள் இறங்கிப் பிடிக்கவும் வேண்டும், உடனே விடவும் வேண்டும். மெழுகு கடினமாக இருந்தால் பின்னால் வழுக்கும், இளக்கமாக இருந்தால் பனி கட்டிக்கொண்டு உயரமான சப்பாத்தில் நடக்கிற கோலம். 1946இல் வந்த ஸ்விக்ஸ் மெழுகு பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் வைத்துப் பிரித்ததால் சாதாரண சனத்துக்கும் விளங்கியது. இன்றைக்கும் ஒஸ்லோக்காரர் பையில் ஒரு நீலக் குப்பி கட்டாயம் இருக்கும். புதுப்பனியில் சுமார் மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை அது கைகொடுக்கும். கூடவே ஊதா ஒன்று, தேய்க்க ஒரு தக்கை, சுரண்ட ஒரு தகடு. மெழுகைப் பையில் வைக்காமல் ஜக்கெற் பொக்கற்றில் வையுங்கள், இறுகிப்போன மெழுகு பூசுபடாது.

இப்போது பலர் அடியில் மொஹேர் துணிப்பட்டை ஒட்டின ஸ்கீ வாங்குகிறார்கள், மெழுகுத் தொல்லை இல்லை என்று. புதியவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனாலும் பூச்சியத்தை ஒட்டின நாளில் ஈரப்பனி அந்தப் பட்டையில் உறைந்து ஒட்டும். அதற்கென்று விற்கிற சின்னப் போத்தல் திரவமும் சுரண்டும் தகடும் பையின் மேல் பொக்கற்றில் இருக்கட்டும்.

போன் எங்கே இருக்கவேண்டும் என்றால், உள்ளே, நெஞ்சோடு. குளிரில் பற்றரியின் வேதிவினை மந்தமாகும்; 40 வீதம் காட்டிக்கொண்டிருந்த போன் வெளிப் பொக்கற்றில் இருந்தால் சொல்லாமல் அணைந்துவிடும். வரைபடம் அதில், மெற்றோ ரிக்கற் அதில், காசு அதில், உதவிக்கு அழைப்பதும் அதில். ஆகவே ஒரு வங்கி அட்டையும் கடதாசி வரைபடமும் தனியாக வைத்திருக்கிறேன். மருத்துவ உதவிக்கு 113. அதன் பெயரிலேயே ஒரு செயலி இருக்கிறது, அழைக்கும்போது நாம் நிற்கும் இடத்தையும் அனுப்பிவிடும். அதைப் போடாமல் காட்டுக்குள் போகிறவரை எனக்குப் புரியவில்லை. தலையில் கட்டும் விளக்கும் மார்கழி, தை மாதங்களில் கட்டாயம். மார்கழி நடுவில் ஒஸ்லோவின் பகல் 6 மணித்தியாலம்கூட இல்லை, பிற்பகல் மூன்றேகாலுக்கு முன்னமே சூரியன் போய்விடும்.

திருத்துகிற சாமான் கொஞ்சம். தடியிலேயே இரண்டு மீற்றர் தடித்த ஒட்டு ரேப் சுற்றி வைத்திருக்கிறேன், பையில் இடம் எடுக்காது. தடியின் அடியில் இருக்கிற வளையம் ஒன்று மேலதிகமாக. அது கழன்றால் தடி பனிக்குள் முழுக்க இறங்கும், ஒற்றைக் கையால் வீடு வரவேண்டும். ஒரு கத்தி, உடைந்ததைக் கட்ட இரண்டு பிளாஸ்ரிக் பட்டி, குதிக்கால் உரசலுக்குப் பிளாஸ்ரர், ஒரு சோடி மேசு. பிளாஸ்ரரை உரசத் தொடங்கும்போதே ஒட்டவேண்டும், கொப்புளம் வந்தபின் ஒட்டி என்ன?

பங்குனி, சித்திரையில் பை மாறும். ஈஸ்ரர் நேரத்து மலையில் சூரியன் சுடும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம்வரை திருப்பி அனுப்பும், ஆகவே மூக்குக்குக் கீழும் நாடிக்குக் கீழும்கூடப் பொசுங்கும். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கவேண்டாம், ஆகும். தோலைவிடக் கண்ணுக்குத்தான் பயம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருநாள் போனால் இரவு கண்ணுக்குள் மண் அள்ளிப்போட்ட வேதனை.

இதுவரை சொன்னதெல்லாம் காட்டுக்கு. மரம் காற்றைத் தடுக்கும், ஒரு மணித்தியாலத்துக்குள் யாராவது எதிரே வருவார்கள். ஹார்டங்கர்வித்தா போன்ற மரமில்லாத மேட்டுநிலத்துக்கு ஒரு பகல்தான் போகிறீர்கள் என்றாலும் அது வேறு கணக்கு. அங்கே பனியில் குழி தோண்ட மண்வெட்டி, இரண்டு மூன்று பேர் உள்ளே நுழைந்து இருக்கக்கூடிய, காற்றைத் தடுக்கும் பை, திசைகாட்டி, ஒரு நாள் சாப்பாடு மேலதிகமாக. நோர்வேயில் மலை ஒழுங்கு விதிகள் என்று ஒன்பது இருக்கின்றன. 1952இல் செஞ்சிலுவைச் சங்கமும் மலைச்சுற்றுலாச் சங்கமும் சேர்ந்து வகுத்தவை. 1967 ஈஸ்ரரில் மலைகளில் 18 பேர் இறந்தபிறகு நாடு முழுவதும் மறுபடி பரப்பப்பட்டு, அந்த க்விக் லுன்ஷ் தாளின் உட்பக்கத்திலும் அச்சாகத் தொடங்கின. 2016இல் சொற்களைப் புதுப்பித்தார்கள். ஐந்தாவது விதி பையைப் பற்றியது. தனக்கும் பிறருக்கும் உதவத் தேவையானதைக் கொண்டுபோகச் சொல்கிறது. அந்தப் பிறருக்கும் என்பது சும்மா போட்ட சொல் இல்லை. நாம் நிற்கவேண்டி வருவது பெரும்பாலும் இன்னொருவருக்காகத்தான்.

சின்னப் பிள்ளையை இழுவண்டியில் வைத்து இழுத்துப்போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பூல்க் என்று இங்கே சொல்கிற அந்த வண்டியில் இருக்கிற பிள்ளை நாள் முழுக்க நிற்கிற கணக்கு. இழுக்கிற அப்பாவுக்கு வேர்த்து வழியும், பிள்ளைக்குக் குளிரும். அப்பாவின் உடம்பை வைத்துப் பிள்ளையின் குளிரை மதிப்பிடமுடியாது. அடியில் ஆட்டுத்தோல், மேலே தூங்கும் பை, தலைக்குக் கம்பளி. அரைமணிக்கு ஒருமுறை நின்று, பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். கையும் மூக்கும் குளிர்ந்திருப்பது சரியான அளவுகோல் இல்லை. பிள்ளையை இறக்கி ஓடவிடுங்கள், அதுதான் நல்ல அடுப்பு.

80களில் வந்து வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த நம் மூத்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்குக் காய்ந்த கையுறையை எப்போதும் ஒன்று மேலதிகமாக வைத்திருக்கச் சொன்னவர் அப்படி ஒரு ஐயாதான். அவர் ஸ்கீயே போட்டதில்லை.

எல்லாம் சேர்ந்தால் எடை என்ன என்று கேட்பார்கள். ரேனாவிலிருந்து லில்லெஹாமர்வரை 54 கிலோமீற்றர் ஓடுகிற பிர்கெபைனர் போட்டி 1932இல் தொடங்கியது. 1206இல் குழந்தை இளவரசன் ஹோக்கனைப் போராளிகள் ஸ்கீயில் மலை தாண்டிக் கொண்டுபோன நினைவாக, அந்தக் குழந்தைக்கு அடையாளமாக ஓடுபவர் முதுகில் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பை இருக்கவேண்டும் என்பது அதன் மரபு. என் சனிக்கிழமைப் பை, தெர்மோஸும் சாப்பாடும் சேர்த்து, தராசில் அதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டும். திரும்பும்போது குடித்ததும் தின்றதும் போக ஏறக்குறைய குழந்தையின் எடைக்கு வந்துவிடும். இதற்குமேல் போனால் தேவையில்லாதது ஏதோ உள்ளே இருக்கிறது என்று பொருள். பெரிய கமெரா, இரண்டாவது காற்சட்டை, ஆருக்கோ என்று எடுத்த மூன்றாவது தண்ணிப் போத்தல்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஜக்கெற்றைத் தொங்கவிடுங்கள், சப்பாத்துக்குள் பழைய பத்திரிகை திணியுங்கள், தெர்மோஸைக் கழுவி மூடி திறந்தபடி வையுங்கள். விளக்கும் ரேப்பும் தகடும் பிளாஸ்ரரும் பையிலேயே இருக்கட்டும், அவை சித்திரைவரை வெளியே வரவேண்டியதில்லை. எள்ளுப்பாகு மிஞ்சியிருந்தால் அது பிள்ளைகளின் கண்ணில் படுமுன் ஒளித்துவையுங்கள்.